"வாயை மட்டும் அசை" என்று சொல்லாதிருப்போம்

இவ்வாரத் தியானப் பகுதி: மத்தேயு 21:12–16



வழக்கமாக இப்பகுதியில் ஒரு வேதபகுதியைத் தியானித்து, அதன் ஆறுதலை உங்களோடு பகிர்ந்துகொள்வேன். இவ்வாரம் ஆறுதல் சொல்ல வரவில்லை, வழக்காட வந்திருக்கிறேன். கடந்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்தது. இவ்வாண்டு கீத ஆராதனைக்கான சிறுவர் பாடகர் குழுவுக்கு 38 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். குரல் தேர்வு வைத்து அவர்களில் 20 பேரைத் தெரிந்துகொள்ளலாம். மற்றவர்கள் மனம் வருந்தாதபடி அவர்களுக்கும் வெள்ளை அங்கி அணிவித்துப் பின்வரிசையில் நிறுத்தி, பாடாமல் வாயை மட்டும் அசைக்கச் சொல்லலாம் என்பதே அந்த யோசனை. அடுத்த கூட்டத்தில் இது தீர்மானமாக வரவிருக்கிறது. அதற்கு முன்பாக என் மனதிலுள்ளதைச் சபையார் அனைவருக்கும் வெளிப்படையாக எழுதிவிடுவதே நேர்மை என்று எண்ணுகிறேன். இந்த யோசனையை நான் எதிர்க்கிறேன்.

யோசனையைச் சொன்னவர்கள் நல்லவர்கள், ஆலயத்துக்காக உழைக்கிறவர்கள். அவர்களை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அந்தக் கூண்டில் முதலாவது நிற்க வேண்டியவன் நானே. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கு வருவதற்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு சபையிலும் இதே யோசனை வந்தது. நான் தலைவர் நாற்காலியில் இருந்தேன், மறுக்கவில்லை. கீத ஆராதனை மிகச் சிறப்பாக நடந்தது. ஒரு சுரமும் பிசகவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன் அங்கியோடு ஓடிவந்தான். முகமெல்லாம் மலர்ச்சி. "ஐயா, நான் சத்தமே வெளிய விடல. சார் சொன்ன மாதிரி வாய் மட்டும்தான் அசைச்சேன்" என்றான். நான் சிரித்து, அவன் தலையில் கைவைத்து, "நல்ல பிள்ளை" என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவன் முறையிட்டிருந்தால்கூட என் மனம் சமாதானமடைந்திருக்கும். அவன் முறையிடவில்லை; பெருமைப்பட்டான். கிறிஸ்து பிறந்த நாளின் பாட்டில் தன் சத்தம் கலவாதிருப்பதே தான் சபைக்குச் செய்யக்கூடிய நன்மை என்று அவனுக்குக் கற்பித்திருந்தோம். அவன் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தான். சில வாரங்கள் கழித்து வீடு சந்திப்புக்குச் சென்றேன். குடும்ப ஜெபத்தில் பாட்டியம்மா பாட்டை எடுத்தார். அவன் சப்பணமிட்டு அமர்ந்து, கண்களை மூடி, வாயை அசைத்தான். சத்தமில்லை. "முன்னெல்லாம் இவந்தான் ஐயா முதல்ல எடுப்பான். இப்ப பாடவே மாட்டேங்கான்" என்றார் பாட்டியம்மா. ஒரு மணிநேர நிகழ்ச்சி பிசகாமல் நடப்பதற்காக ஒரு வீட்டின் ஜெபத்திலிருந்து ஒரு குரலை எடுத்துவிட்டோம்.

இனி வேதத்துக்கு வருவோம்.

மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தேவாலயத்துக்குள் பிரவேசிக்கிறார். காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்க்கிறார். அதன்பின் நடப்பதை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். குருடரும் சப்பாணிகளும் அவரிடத்தில் வருகிறார்கள், சுகமடைகிறார்கள். அதற்கடுத்து, ஆலயத்துக்குள்ளே பிள்ளைகள் அவரைத் தாவீதின் குமாரன் என்று ஆர்ப்பரித்துப் போற்றுகிறார்கள். பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் கோபமடைகிறார்கள். கவனியுங்கள்: அந்த ஆலயத்தில் இசைக்குப் பஞ்சமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி பெற்ற லேவியர் இருந்தார்கள். அவர்கள் நடுவே, எவரும் பயிற்றுவிக்காத, எவரும் வரிசையில் நிறுத்தாத பிள்ளைகளின் கூச்சல் எழுந்தது. அது கேட்கிறதா என்று அவர்கள் ஆண்டவரிடம் வினவினார்கள். அவரோ எட்டாம் சங்கீதத்தை எடுத்துக்காட்டி, பால் குடிக்கும் குழந்தைகளின் வாயிலிருந்தே தேவன் தமக்குத் துதியை ஆயத்தம்பண்ணுகிறார் என்றார். பால் குடிக்கும் குழந்தைக்குச் சுருதி ஏது? தாளம் ஏது? தேவன் தெரிந்துகொண்ட பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பவர்கள், நம்முடைய குரல் தேர்வில் முதலில் விழுந்துபோவார்கள்.

கமிட்டியில் சொல்லப்பட்ட நியாயங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது நியாயம்: "தேவனுக்குச் சிறந்ததையே படைக்க வேண்டும்." இதற்கு மல்கியாவின் முதலாம் அதிகாரம் காட்டப்பட்டது. குருடும் ஊனமுமான ஆட்டைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களைத் தீர்க்கதரிசி கண்டித்தார் அல்லவா என்று கேட்கப்பட்டது. கண்டித்தார்; மறுக்கவில்லை. ஆனால் யாரைக் கண்டித்தார்? மந்தையில் நல்ல கடாவை வைத்துக்கொண்டே பழுதுள்ளதைத் தேவனுக்குத் தள்ளிவிட்டவர்களைக் கண்டித்தார். தன்னிடமிருந்த இரண்டு காசையும் போட்ட ஏழை விதவையை எந்தத் தீர்க்கதரிசியும் கண்டிக்கவில்லை. ஆண்டவர் அவளைச் சீஷருக்கு எடுத்துக்காட்டினார். சுருதி சேராத ஒரு பிள்ளை, தன்னிடம் வேறொரு நல்ல குரலை ஒளித்து வைத்துக்கொண்டா பாடுகிறது? உள்ளதெல்லாம் அதுதான், அதை முழுவதுமாகக் கொண்டுவருகிறது. இன்னொன்றையும் சிந்தியுங்கள். இந்த நியாயத்தில் பிள்ளையை நாம் ஆட்டின் இடத்தில் நிறுத்திவிட்டோம். பிள்ளை காணிக்கையல்ல, காணிக்கை கொண்டுவருகிறவன். காணிக்கை கொண்டுவருகிறவனை வாசலில் நிறுத்தி, கையை மட்டும் நீட்டு, காசைப் போடாதே என்று சொல்ல நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

இரண்டாவது நியாயம்: "தாவீது தேர்ச்சி பெற்றவர்களைத்தானே பாடகராக ஏற்படுத்தினார்?" 1 நாளாகமம் 25 வாசிக்கப்பட்டது. அங்கே, கர்த்தரைப் பாடும் பாட்டுகளில் தேர்ந்தவர்கள் 288 பேர் என்று கணக்கிருக்கிறது. உண்மை. ஆனால் அந்தக் கணக்கைச் சொல்லும் ஏழாம் வசனத்தோடு நாம் வேதத்தை மூடிவிட்டோம். எட்டாம் வசனத்தில், சிறியவன் பெரியவன் என்றும், கற்பிக்கிறவன் கற்கிறவன் என்றும் வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டு முறைகளை வகுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. கற்கிறவன் வெளியே நின்று தேர்வு எழுதவில்லை. உள்ளே நின்று கற்றான். முறை வந்தபோது அவனும் ஆசானோடு நின்றான். தேர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேதம் தேர்ச்சியை மெச்சுகிறது. தேர்ச்சிக்கு வழி கற்பிப்பதா, கழித்துவிடுவதா என்பதே நமக்குள் உள்ள வழக்கு.

மூன்றாவது நியாயம்: "சில பிள்ளைகளுக்குப் பாட வராது, அது பிறவிக் குறை." இதைச் சொன்னவர்களுக்கு நம் பாடகர் குழுவினர் கையில் வைத்திருக்கும் சோல்பா ஏட்டையே சாட்சியாக அழைக்கிறேன். டோ, ரே, மீ என்று நாம் கற்கும் அந்த முறை எங்கே பிறந்தது? இங்கிலாந்தின் நார்விச் நகரில் சாரா குளோவர் என்ற போதகர் மகள், பிள்ளைகளுக்கு எளிதாய்ப் பாடக் கற்பிக்க ஒரு முறையை உண்டாக்கினார். ஜான் கர்வன் என்ற இளம் போதகர் அதைக் கண்டெடுத்தார். அவர் முறையாக இசை கற்றவர் அல்லர். 1841-இல் ஞாயிறு பள்ளி ஆசிரியர் மாநாடு ஒன்று, பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க மிக எளிய வழியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அதன் பலனே சோல்பா. மிஷனெரிகள் அதைக் கடல் கடந்து கொண்டுசென்றார்கள். நம் தாத்தாக்களும் நாலு குரலில் பாடக் கற்றார்கள். பாட வராது என்று கருதப்பட்ட ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பிறந்த ஏடு அது. அந்த ஏட்டையே கையில் வைத்துக்கொண்டு, பாட வராத ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் பின்வரிசைக்கு அனுப்பப் போகிறோமா?

பிறவியிலேயே சுரபேதம் அறிய இயலாதவர்கள் உண்டு. ஆனால் மிகச் சிலரே. நாம் அவ்வாறு முத்திரையிடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தம் பாடும் குரலை இன்னும் கண்டுகொள்ளாதவர்கள். பேசும் குரலிலேயே பாட முயல்கிறார்கள். அதனால் பாட்டு மேலே ஏறும்போது அவர்கள் கீழேயே தங்கிவிடுகிறார்கள். பாதிக் குற்றம் நம்முடையது. ஆண் ஆசிரியர் ஒரு ஸ்தாயி கீழே பாடிக் காட்டுகிறார். பிள்ளை அந்தக் கனத்த குரலையே பின்பற்ற முயன்று முனகுகிறது. ஒரு பெண்ணின் குரலையோ இன்னொரு பிள்ளையின் குரலையோ கேட்டால் பலர் எளிதில் பற்றிக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு வசதியான சுருதியில் பாட்டைத் தொடங்குகிறோம். கீபோர்டை உரக்க வாசிக்கிறோம். பிள்ளைக்குத் தன் குரலே தனக்குக் கேட்பதில்லை. கேட்காததை அது எப்படித் திருத்திக்கொள்ளும்? கடைசியில் குறை பிள்ளையின் தொண்டையில் இருப்பதாகத் தீர்ப்பளிக்கிறோம். வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை ஒருநாளும் பாடக் கற்றுக்கொள்ளாது. மிதக்கத் தெரியாதவனைக் கரையில் நிறுத்திக் கையை மட்டும் வீசச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

நான்காவது நியாயம் கமிட்டியில் மெதுவாகச் சொல்லப்பட்டது. ஆனால் அதுவே மெய்யான நியாயம் என்று அஞ்சுகிறேன். "ஆராதனையை யூடியூபில் நேரலையாகப் போடுகிறோம். வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பக்கத்துச் சபையாரும் பார்க்கிறார்கள்." முன்பு நான் சொன்ன சபையின் பாடகர் குழுத் தலைவரிடம், வாயை அசைக்கும்படி ஏன் சொன்னீர்கள் என்று பின்னொருநாள் கேட்டேன். பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் சம்பளமின்றி ஆலயத்துக்கு வருகிறவர் அவர். கண்கலங்கிவிட்டார். "ஐயா, முந்தின வருஷம் ஆராதனை முடிஞ்சதும் ஒருத்தர்கூட பிள்ளைங்க எப்படிக் கத்துக்கிட்டாங்கன்னு கேக்கல. அந்தச் சபையில இதைவிட நல்லாப் பாடினாங்களேன்னுதான் கேட்டாங்க" என்றார். ஆகவே பாடகர் குழுத் தலைவர்மேல் கல் எறியாதிருங்கள். பின்வரிசைப் பிள்ளையின் வாயை அடைத்தது நம்முடைய நாவு.

கீத ஆராதனை என்பது எப்படி உருவானது என்று நினைத்துப் பாருங்கள். ஒன்பது பாடங்களும் கீதங்களும் கொண்ட அந்த முறைமை 1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில், ஒரு தற்காலிக மரக் கட்டடத்தில் பேராயர் பென்சனால் தொடங்கப்பட்டது. 1918-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. அங்கே முதல் வேதபாடத்தை வாசிப்பவர் பேராசிரியர் அல்லர். பாடகர் குழுவின் ஒரு சிறுவன். சிறியவனில் தொடங்கிப் பெரியவனில் முடிவதே அதன் ஒழுங்கு. அக்கல்லூரிப் பாடகர் குழு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆம், அப்படித்தான். பாடுவதற்கென்றே சேர்த்துப் பயிற்றும் குழு அது. நம் 38 பிள்ளைகள் அப்படி நம்மிடம் வந்தவர்கள் அல்லர். அவர்கள் ஞானஸ்நானத்தின் வழியாக வந்தவர்கள். அவர்களைக் கையில் ஏந்தி நான் தண்ணீர் வார்த்தபோது, இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று நீங்கள் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தீர்கள். நல்ல குரல் இருந்தால் என்ற நிபந்தனை அந்த வாக்கில் இல்லை.

உலகம் அறிந்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டையும் நினைவுகூருங்கள். 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபெர்ண்டார்ஃப் சிற்றூரில், யோசேப்பு மோர் என்ற குருவானவரும் ஃபிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி ஆசிரியரும் ஒரு கிட்டாரோடு நின்று "அமைதியான இரவு" பாடலை முதன்முதல் பாடினார்கள். இரண்டு குரல்கள், ஒரு வாத்தியம். அந்த ஆராதனையை எவரும் பதிவு செய்யவில்லை. கேட்டவர்கள் அந்த ஊரார் மட்டுமே. அது போதுமானதாயிருந்தது.

"பாட வராத பிள்ளைகளுக்கு நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேடம் கொடுத்துவிடலாமே" என்று ஓர் அம்மா அன்போடு சொன்னார். நாடகத்தை விரும்பும் பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பாடுவதற்குப் பெயர் கொடுத்த பிள்ளைக்கு ஆட்டுக்குட்டி வேடம் ஆறுதல் பரிசு ஆகாது. தனக்கு அது ஏன் கிடைத்தது என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். நாம்தான் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே கமிட்டியின் முன்பாகவும் உங்கள் முன்பாகவும் என் வேண்டுகோள்களை வைக்கிறேன்.

38 பிள்ளைகளும் பாடட்டும். ஒருவரும் வாயை மட்டும் அசைக்க வேண்டாம். தனிப்பாடல் உண்டானால், அதைப் பாடகர் குழுத் தலைவர் பிள்ளையின் குரலைக் கேட்டுத் தீர்மானிக்கட்டும். காணிக்கை ரசீதைப் பார்த்து அல்ல. அவ்விஷயத்தில் பெற்றோர் ஒருவரும் அவருக்குத் தொலைபேசியில் பேச வேண்டாம், எனக்கும் வேண்டாம். பத்துப் பாடல்களுக்குப் பதிலாக ஆறு போதும். டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு வருகிறது. ஆகையால் பயிற்சியை இந்த அக்டோபரிலேயே தொடங்குவோம். சுருதி சேராத பிள்ளைகளை, சேருகிற பிள்ளைகளின் அருகில் நிறுத்துவோம், பின்னால் அல்ல. பெண்கள் ஐக்கியத்திலிருந்து பாடத் தெரிந்த இரண்டு சகோதரிகள் பயிற்சிக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டினால் தலைவரின் பாரம் பாதியாகக் குறையும். பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டு அதன்மேல் பிள்ளைகளைப் பாடவைக்கும் பழக்கம் இவ்வாண்டு வேண்டாம்.

இதனால் கீத ஆராதனையில் சில சுரங்கள் பிசகும். அதை மறைக்க மாட்டேன். நேரலையில் அது கேட்கும். பக்கத்துச் சபையார் புன்னகைக்கவும் கூடும். அதற்கு உங்கள் போதகர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். சகரியாவின் வீட்டில் வாய் கட்டப்பட்டவன் அவிசுவாசத்தினால் கட்டப்பட்டான். பிள்ளைக்குப் பெயரிட்டபோது அவன் வாய் திறந்து தேவனை ஸ்தோத்திரித்தான். கிறிஸ்து பிறப்பின் கதை ஊமையாயிருந்த வாய் திறக்கிற கதை. அதைக் கொண்டாடுகிற ஆராதனையில் திறந்திருக்கும் வாயை நாம் அடைக்கலாமா?

அந்தச் சிறுவனைப் பற்றிக் கேட்பீர்கள். அவன் வீட்டுக்கு மறுபடியும் சென்றேன். பாட்டியம்மாவுக்கு முன்பாகவே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கத்தோடு தலையசைத்தான். அடுத்த ஆண்டு பாடகர் குழுவுக்குப் பெயர் கொடுத்தான், வந்தான், வரிசையில் நின்றான். பாடினானா என்று அறிய அருகில் சென்று செவிசாய்த்தேன். அவன் வாய் அசைந்தது. சத்தம் வந்ததா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. மன்னிப்புக் கேட்பது எளிது. எடுத்த குரலைத் திரும்ப வைப்பது எளிதல்ல. இங்கே இன்னும் ஒன்றும் எடுக்கப்படவில்லை. 38 குரல்களும் முழுமையாய் இருக்கின்றன. ஆகையால்தான் இப்பொழுதே எழுதுகிறேன்.

ஜெபம்: பிள்ளைகளின் ஆர்ப்பரிப்பில் பிரியப்பட்ட ஆண்டவரே, மற்றவர்களின் மெச்சுதலுக்காகச் சிறியவர்களின் வாயை அடைத்த எங்கள் பாவத்தை மன்னியும். கற்பிக்கிறவர்களுக்குப் பொறுமையையும், கேட்கிற எங்களுக்கு உம்முடைய செவியையும் தாரும். எங்கள் குரலால் புண்பட்டு மௌனமானவர்கள் மறுபடியும் பாடும்படி கிருபை செய்யும். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக.

உங்கள் போதகர்